சேற்றுத் தீவுக்குத் தலைநகரை மாற்றியவர்

2006ஆம் ஆண்டு நான் அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு மாடல் பட்டறையில் டிராஃப்ட்ஸ்மேனாக வேலை பார்த்தேன். கட்டப்போகும் கோபுரத்தையோ குடியிருப்பையோ மேசை அளவுக்குச் செய்து, சின்னச் சின்ன விளக்குகள் எரியவைத்து, வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள் அல்லவா, அதைச் செய்கிற இடம். ஒரு பக்கம் லாரி பாடி கட்டுகிறவர்கள், இன்னொரு பக்கம் ரேடியேட்டர் கடை, நடுவில் நாங்கள். வெளியே வெல்டிங் புகை. உள்ளே பொட்டு அளவு ஜன்னல்களை இடுக்கியால் எடுத்து ஒட்டிக்கொண்டிருப்போம். அந்த வேலையில் எனக்கு நல்ல பெயர். நான் வரைந்து கொடுத்த துண்டு பொருந்தாமல் திரும்பி வந்ததே இல்லை. அந்தக் கர்வம் எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது.

பட்டறையை நடத்தியவர் காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் ஊரில் மூத்தவர்களைக் காக்கா என்பார்கள். அதனால் நாங்கள் எல்லோருமே அவரைக் காக்கா என்றே கூப்பிட்டோம். மரவேலை ஃபோர்மேன் புதுக்கோட்டைப் பக்கத்து ஆசாரி. ஐம்பதைத் தாண்டியவர், குறைவாகப் பேசுகிறவர். முன்பு தோஹாவில் படகுத்துறை கட்டும் வேலையில் ஆறு வருஷம் இருந்துவிட்டு எங்களிடம் வந்திருந்தார். அவர் எனக்கு அண்ணன், நான் அவருக்குத் தம்பி. முறை அவ்வளவுதான், ஊர் வேறு வேறு.

அந்த வருஷம் கடலில் மணலைக் கொட்டித் தீவு உண்டாக்கி வீடு விற்கிற ஒரு கம்பெனியிடமிருந்து பெரிய வேலை ஒன்று வந்தது. விற்பனைக் கூடத்தில் வைப்பதற்கு, தண்ணீர்மேல் எழுந்த ஐந்து ஊர்களின் மாடல்கள் வேண்டும். அதில் எங்களுக்கு வந்தது வெனிஸ், மற்ற நாலும் வேறு பட்டறைகளுக்கு. இன்றைய வெனிஸ் இல்லை. இன்றைய இடத்துக்கு முதன்முதலில் தலைநகரைக் கொண்டுவந்தவர் ஆண்ட காலத்து வெனிஸ். கம்பெனியின் கன்சல்டன்ட் ஒரு பக்கம் குறிப்பும் ஒரு வண்ணப் படமும் அனுப்பியிருந்தார். படத்தில் வெள்ளைப் பளிங்கு அரண்மனை, வளைந்த கல் பாலம், மூக்கு நீண்ட கறுப்புப் படகுகள். குறிப்பில் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று போட்டிருந்தது.

எனக்கு அந்த நூற்றாண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்போது காஞ்சிபுரத்தில் பல்லவர்கள் இருந்தார்கள் என்று பள்ளியில் படித்தது மட்டும் நினைவுக்கு வந்தது. ஆனால் பல்லவர் கோயிலையும் நாயக்கர் கோபுரத்தையும் ஒரே படத்தில் போட்டால் எப்படி இருக்குமோ, அந்தப் படமும் அப்படித்தான் இருக்கிறது என்று ஏனோ தோன்றியது. எதை வரைகிறேன் என்று தெரியாமல் வரைய எனக்குப் பிடிக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறி நகரத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெரிய நூலகம் இருந்தது. ஏசி குளிருக்காகவே பலர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். வெனிஸ் சரித்திரம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கம் படித்தேன். அப்படி நாலு வெள்ளிக்கிழமை.

அதுவரை படித்தது இதுதான். அந்த ஊருக்கு ராஜா கிடையாது. மக்கள் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் சாகும்வரை தலைவர். அப்போது தலைநகரம் இன்றைய இடத்தில் இல்லை. கடலைப் பார்த்த ஒரு மணல்திட்டில் இருந்தது. பிராங்கிய அரசனின் மகன் ஒருவன் படையோடு வந்தான். மக்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உப்பங்கழியின் நடுவே இருந்த சேற்றுத் தீவுகளுக்கு ஓடினார்கள். உள்ளே வரும் வாய்க்கால் எங்கே ஆழம், எங்கே மேடு என்று காட்ட நட்டிருந்த கம்புகளைப் பிடுங்கிப் போட்டார்கள். வழி தெரியாமல் வந்த எதிரியின் கப்பல்கள் தண்ணீர் வற்றியதும் சேற்றில் தட்டி நின்றன. மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் முடியாமல் அவன் திரும்பிப் போனான். அந்தச் சமயத்தில் மக்களுக்கு வழிகாட்டியவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அவர் செய்த முதல் காரியம், பழைய தலைநகரத்துக்குத் திரும்பிப் போக மறுத்தது. நம்மைக் காப்பாற்றிய சேறுதான் இனி நமக்கு ஊர் என்றார்போலும். தீவுகளை மண் போட்டு உயர்த்த, வாய்க்கால்களைச் சீர்செய்ய, கடல் பக்கக் கரையைக் காக்க என்று தனித்தனியே ஆட்களை நியமித்தார். தனக்கென்று கோட்டை மாதிரி ஒரு வீடு கட்டினார். அந்த வீட்டின் சுவடு இன்று எதுவும் மிச்சமில்லை என்று புத்தகம் சொன்னது. பளிங்கு அரண்மனை வந்தது ஐந்நூறு வருஷம் கழித்து. கல் பாலம் அதற்கும் பின்னால். நீண்ட மூக்குப் படகின் பெயரே அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது.

நாலாவது வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் மாலை டீ நேரத்தில் ஃபோர்மேனிடம் படத்தை நீட்டி, விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"சேத்துல இம்புட்டுக் கல்ல ஏத்துனா ஒரே மழையில இறங்கிப்போகுமே தம்பி," என்றார். "மொத மொத வந்தவன் மரத்துலதான் கட்டியிருப்பான். கம்ப நெருக்கி நெருக்கி அடிச்சு, மேல பலகை போட்டு, அதுக்கு மேல வீடு. தோஹாவுல நாங்க அதத்தான செஞ்சோம்."

நீருக்கடியில் சேற்றுக்குள் முழுக்கப் புதைந்த மரம் அழுகாது, காற்றுப் படுகிற இடத்தில்தான் அழுகும் என்பதையும் சொன்னார். புத்தகத்தில் அதே விஷயம் ஒரு பத்தி முழுக்க இருந்தது. எனக்குச் சந்தேகம் எல்லாம் போய்விட்டது. காக்காவிடம் போய், படம் தப்பு, இதைச் செய்யக்கூடாது என்றேன்.

காக்கா பயந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கன்சல்டன்ட் கையெழுத்துப் போட்டு அனுப்பிய படம் அது. கொடுத்ததைச் செய்வதுதான் எங்கள் பிழைப்பு. பார்க்க வருகிறவன் பரீட்சையா எழுதப்போகிறான், பளபளவென்று இருந்தால் போதாதா என்று கேட்டார். நான் விடவில்லை. நாம் செய்து வைத்த பிறகு விஷயம் தெரிந்த ஒருவன் வந்து சிரித்தால், அவன் கன்சல்டன்டைப் பார்த்துச் சிரிக்கமாட்டான், செய்தவன் யார் என்றுதான் கேட்பான் என்றேன். காக்கா தாடியைத் தடவிக்கொண்டார்.

"ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் இருக்குது. நான் உங்களைக் கூட்டிட்டுப் போறேன். பேசறது நீங்கதான். நான் வாயத் திறக்கமாட்டேன், சொல்லிட்டேன்," என்றார்.

அந்த மீட்டிங்குக்கு நான் இஸ்திரி போட்ட சட்டையும் மூன்று பக்க ஜெராக்ஸும் ஃபோர்மேன் இரண்டு நாளில் செய்துகொடுத்த ஒரு சின்ன மாதிரியுமாகப் போனேன். மாதிரி என்றால் ஒரு தட்டு. அதில் களிமண், களிமண்ணில் நெருக்கமாக அடித்த பல்குத்தும் குச்சிகள், மேலே பலகை, பலகைமேல் நாணல் கூரை போட்ட ஒரு வீடு.

கன்சல்டன்ட் லெபனான்காரர், நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டினார். சரித்திரம் நீங்கள் சொல்கிறபடியே இருக்கட்டும், ஆனால் வெனிஸ் என்றால் ஜனங்களுக்குப் பளிங்கும் பாலமும்தான் தெரியும், மரக்குடிசையைக் காட்டினால் இது எந்த மீனவக் குப்பம் என்று கேட்பார்கள் என்றார். என் ஆங்கிலம் அப்போது கரடுமுரடானது. இருந்தாலும் நான் நிறுத்தவில்லை. நீங்கள் அனுப்பிய குறிப்பு அந்தத் தலைவரின் ஆட்சியைக் காட்டச் சொல்கிறது. இந்தப் படத்தில் இருக்கிற எதையும் அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. அவர் கட்டியதைக் காட்டுவதென்றால் சேற்றிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்றேன்.

மேசையின் கோடியில் கம்பெனி முதலாளிகளில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். உள்ளூர்க்காரர், அறுபது வயதிருக்கும். தட்டைத் தன் பக்கம் தள்ளச் சொன்னார். குச்சிகளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம், எதிரியின் கப்பல் எப்படி மாட்டியது என்று கேட்டார். கம்புகளைப் பிடுங்கியதை, தண்ணீர் வற்றியதை, கப்பல் தட்டியதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"நாங்களும் தீவுக்காரர்கள்தான்," என்றார் மெதுவாக. "அபுதாபித் தீவுக்கு வரும் மக்தா கழியில் பாலம் வருவதற்கு முன்னால் தண்ணீர் வற்றும் நேரம் தெரிந்தவன் மட்டும்தான் நடந்து கடப்பான். தெரியாதவன் அக்கரையிலேயே நிற்பான்." பிறகு கன்சல்டன்டைப் பார்த்து, "அந்த மனிதர் கட்டிய மாதிரியே செய்யட்டும். கலாஸ், பேச்சு முடிந்தது," என்றார்.

திரும்பி வரும்போது காக்காதான் கார் ஓட்டினார். முசஃபா பாலம் தாண்டியதும், இனி இந்த மாதிரி மீட்டிங் எல்லாவற்றுக்கும் நீங்களே வந்துவிடுங்கள் என்றார்.

எங்களுக்குக் கிடைத்தது ஐந்து வாரம். இரண்டு மீட்டருக்கு மூன்று மீட்டர் பலகை. சேற்றுக்கு மரத்தூளையும் பசையையும் கலந்து ஒரு கலவை பிடித்தோம். முதலில் சாக்லேட் மாதிரி இருந்தது, நாலாவது தடவை சரியான சாம்பல் பழுப்பு வந்தது. அரண்மனையை எப்படிச் செய்வது என்பதுதான் சிக்கல். அதன் உருவம் யாருக்கும் தெரியாது. தெரியாததை அலங்காரம் செய்து மறைக்கக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். குட்டையான, ஜன்னல் குறைந்த, மூலைக் கோபுரங்கள் வைத்த, மரமும் செங்கல்லும் கலந்த கட்டடம். மூன்று பக்கம் தண்ணீர். பெயர்ப்பலகையில் 'இது ஊகம்' என்று எழுதவைத்தேன். பக்கத்தில் பாதி கட்டிய ஒரு தேவாலயம். சுற்றிலும் கோழிக்கூண்டுகள், மீன் காயவைத்த பரண்கள், உப்புக் குவியல்கள். எதிரி வந்துபோனது அவர் ஆட்சிக்கு முன்னால் என்பதால் போரை நாங்கள் காட்டவில்லை. ஆனால் ஃபோர்மேன் ஒரு யோசனை சொன்னார். அந்தக் கப்பல்களில் ஒன்று அங்கேயே கிடந்து மக்கியிருக்கும், அதன் விலா எலும்பை மட்டும் ஓரத்தில் வைப்போம் என்றார். அதை அவரே தன் கையால் செய்தார்.

வேலை நடக்கும்போது எல்லோரும் கதை கேட்டார்கள். மரவேலையில் ஏழு பேர், பெயின்டிங்கில் நாலு பேர். பாகிஸ்தான்காரர் ஒருவருக்காக நான் பாதியை இந்தியில் சொல்லவேண்டியிருந்தது. ஒருநாள் ஃபோர்மேன் கேட்டார், அந்த ஆளுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று.

இரண்டு மகன்கள் என்றேன். மூத்தவனைக் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த சக்கரவர்த்தியிடம் அனுப்பியிருந்தார். அங்கே அவனுக்குப் பட்டமெல்லாம் கொடுத்தார்கள். அவன் அங்கே இருந்தபோது, இங்கே தகப்பன் தன்னோடு சேர்ந்து ஆள இளையவனைத் துணைத் தலைவனாக்கிவிட்டார். மூத்தவன் திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் அரண்மனை வாசலையே மிதிக்கவில்லை. ஊருக்குள் வேறு இடத்தில் போய் இருந்துகொண்டான்.

மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவனுக்குத்தானே கொடுக்கவேண்டும் என்றான் ஒருவன். தூரத்தில் இருந்தால் மகன் இல்லையா என்றான் இன்னொருவன். ஃபோர்மேன் உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் காலை, நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப் வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் இரண்டு மகன்கள். மூத்தவன் சவூதியில், தம்மாமில் வெல்டர். இளையவன் ஊரில் குடும்பப் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் போனபோது, பட்டறைக்கு இனி நீதான் பொறுப்பு என்று ஊரைக் கூட்டி இளையவனிடம் ஒப்படைத்து, போர்டிலும் அவன் பெயரை எழுதிவிட்டு வந்தார். மூத்தவனுக்கு விஷயம் ஊர்க்காரர் ஒருவர் மூலமாகத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அவன் அப்பாவுடன் பேசுவதில்லை. அம்மாவுக்குப் போன் செய்வான், இவர் பெயரை எடுக்கமாட்டான்.

"கடைசியில அந்தாளு என்ன செஞ்சாரு?" என்று கேட்டார்.

நான் அதுவரைக்கும் படித்திருந்ததைச் சொன்னேன். தகப்பன் மூத்தவனுக்குப் பயந்தோ இரங்கியோ, இளையவனைப் பதவியிலிருந்து இறக்கி, கடலுக்கு அக்கரைக்கு நாடு கடத்திவிட்டார். மூத்தவனைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"அது சரியில்ல," என்றார் ஃபோர்மேன் உடனே. "ஒருத்தனக் கேக்காம செஞ்சுட்டு, அதச் சரிக்கட்ட இன்னொருத்தனத் தொரத்துறதா? ஊரு கட்டத் தெரிஞ்ச மனுசனுக்கு இது தெரியலயே."

வெள்ளிக்கிழமை நான் மிச்சப் பக்கங்களைப் படித்து முடித்தேன். திரும்பி வந்ததும் நேராக அவர் ரூமுக்குப் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தகப்பன் செத்த பிறகு என்ன நடந்தது என்று சொன்னேன். மூத்தவன் தலைவனானான். இரண்டு வருஷம்கூட முழுசாக ஆளவில்லை, உடம்பு முடியாமல் போய்விட்டது. அப்போது நாடு கடத்தப்பட்ட தம்பியைத் தானே திரும்ப வரவழைத்து, ஊரை அவனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினான்.

அவர் கையில் இருந்த ஈரச் சட்டையை உதறாமல் நின்றார்.

"அண்ணனே கூப்பிட்டானா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப புள்ளைங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல. எல்லாம் அந்தாளு செஞ்சதுதான்," என்றார்.

சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, போனை எடுத்துத் தம்மாமுக்குப் போட்டார். நான் எழுந்து போகப் பார்த்தேன். கையைக் காட்டி உட்காரச் சொன்னார். தனியாகப் பேச அவருக்குத் தைரியம் இல்லை என்று நினைக்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவைதான் அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"அப்பா பேசுறேன்யா," என்றார். பிறகு, "பட்டறைய அவன்கிட்ட குடுத்தத மாத்தப்போறதில்ல. அவன் நல்லாத்தான் பாத்துக்குறான். ஆனா ஒன்ன ஒரு வார்த்த கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும். கேக்காதது என் தப்பு. அதச் சொல்லத்தான் போட்டேன்," என்றார்.

மகன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. போனை வைத்தபின் அவரே சொன்னார். சாப்பிட்டீர்களா என்று கேட்டானாம், பிறகு டூட்டி வண்டி வந்துவிட்டது என்று வைத்துவிட்டானாம். அவ்வளவுதானா என்று நான் ஏமாற்றத்துடன் கேட்டேன். அவருக்கு ஏமாற்றம் இல்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டதே போதும் என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தார்.

மாடலைச் சொன்ன நாளுக்கு ஒருநாள் முன்னால் முடித்தோம். விற்பனைக் கூடத்தில் கொண்டுபோய் இறக்கியபோது மற்ற நாலு ஊர்களும் விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்தன. எங்களுடையது மட்டும் சாம்பலும் பழுப்புமாக, தண்ணீர் வற்றிய உப்பங்கழியாகக் கிடந்தது. கன்சல்டன்ட் சுற்றிச் சுற்றி வந்தார். திறப்பு நாளில் கூட்டம் முதலில் ஜொலிப்பவற்றின் பக்கம்தான் போனது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் எங்களுடையதன் முன்னால் வந்து நின்றவர்கள் சீக்கிரம் நகரவில்லை. குனிந்து, வீட்டுக்கு வீடு பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண், இவர்கள் ஏன் இவ்வளவு மோசமான இடத்தில் வீடு கட்டினார்கள் என்று தன் அம்மாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அந்த அம்மா பெயர்ப்பலகையைப் படித்துப் பதில் சொல்வதைப் பின்னால் நின்று கேட்டேன். நான் எழுதிக்கொடுத்த வாசகங்கள்தான், இலக்கணம் மட்டும் யாரோ திருத்தியிருந்தார்கள்.

அந்த உள்ளூர் முதலாளி மாலையில் வந்தார். மக்கிய கப்பலை உற்றுப் பார்த்து, இதைச் செய்தது யார் என்று இந்தியில் கேட்டார். நான் ஃபோர்மேனை முன்னால் தள்ளிவிட்டேன். இரண்டு பேரும் மரத்தைப் பற்றி என்னவோ பேசிக்கொண்டார்கள். எந்த மரம் உப்புத் தண்ணீரில் எத்தனை வருஷம் நிற்கும் என்பதாக இருந்திருக்கவேண்டும், இருவரும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். காக்கா என் காதருகே, அடுத்த ஆர்டர் வந்துவிட்டது, ஏதோ பழைய துறைமுகமாம், சரித்திரத்தை முதலில் உங்களிடம் காட்டிவிட்டுத்தான் படம் வரைவார்களாம் என்றார். நான் ஆச்சரியப்படவில்லை. அதுதானே முறை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ஃபோர்மேன் லீவு எழுதிக் கொடுத்தார். தேதியை இரண்டு தடவை மாற்றினார். காக்கா சலித்துக்கொண்டு காரணம் கேட்டார். தம்மாமில் மூத்தவனுக்கு லீவு கிடைக்கிற தேதியைப் பார்த்துத்தான் தானும் போகவேண்டும், திருச்சியில் ஒரே நாளில் இறங்கி ஒரே வண்டியில் வீட்டுக்குப் போவதாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், இளையவன் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறான் என்றார் ஃபோர்மேன். காக்கா மூன்றாவது தேதியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.